ஒன்பதாம் வளைவில் ஏறியவுக

எலவமேட்டுக்கு ரோடு உண்டா என்று கேட்டால், உண்டு என்று சொல்கிறவர்கள் அங்கே ஜீப் ஓட்டுகிறவர்கள், இல்லை என்று சொல்கிறவர்கள் அந்த ஜீப்பில் ஒருதரம் உட்கார்ந்து போனவர்கள். ரெண்டு தரப்பிலும் பொய் கிடையாது. அடிவாரத்து ஒத்தப்புளியிலிருந்து மேலே எலவமேடு வரைக்கும் பதினாலு வளைவு, வளைவுக்கு வளைவு ஒரு கைப்பக்கம் பாறை, மறு கைப்பக்கம் எட்டிப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிற பள்ளம், நடுவில் ஃபோர் வீல் கியரைப் போட்டுக்கொண்டு முக்கி முனகி ஏறுகிற ஜீப், அந்த ஜீப்புக்குள் பத்துப் பேர் உட்காரும் இடத்தில் பதினேழு பேர், போதாததற்கு மூணு ஆட்டுக்குட்டி, ரெண்டு மூட்டை காப்பிக்கொட்டை. இந்தப் பதினாலு வளைவில், கீழேயிருந்து எண்ணி வந்தால் ஒன்பதாவது வளைவில் மட்டும், ஒரு கட்டில் போடுகிற அகலத்துக்கு, செல்போனில் டவர் கிடைக்கும். டவர் என்றதும் இரும்புக் கம்பத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கம்பம் எந்த மலைக்கு அந்தப்பக்கம் நட்டிருக்கிறது என்று எலவமேட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. போனில் நாலு கோடு நிமிர்ந்து நின்றால் டவர் வந்துவிட்டது, படுத்துவிட்டால் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆகவே ஒன்பதாம் வளைவில் எந்நேரமும் நாலு பேர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நிற்பார்கள். மலை ஜீப்புக்காரர்களுக்கோ எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு: வளைவில் ஆள் நின்றால் வண்டியை நிப்பாட்டி, "ஏறுங்க, எடம் இருக்கு" என்று சொல்லவேண்டும். இடம் இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். ராசாங்கம் இருபத்தாறு வருஷமாக ஜீப் ஓட்டுகிறவன், ஒருநாள் ஒருபொழுது இந்தச் சட்டத்தை மீறினதில்லை. நாக்கு அந்த வார்த்தைக்கு அப்படிப் பழகிப்போய், மூடுபனியில் கண் தெரியாத நாட்களில் மைல்கல்லைப் பார்த்தும் சொல்லியிருக்கிறான், காட்டுமாட்டைப் பார்த்தும் சொல்லியிருக்கிறான். காட்டுமாடு கொஞ்சநேரம் நின்று யோசித்துவிட்டு, வேண்டாமென்று போய்விட்டது.

ஊருக்கெல்லாம் இடம் கொடுத்த மனுஷன் கட்டின பொண்டாட்டிக்கு முன்சீட்டு கொடுத்தானா என்றால், அதுதான் இல்லை. முன்சீட்டுக்கு அவனிடம் ஒரு வரிசை இருந்தது. மாசமாக இருக்கிறவள் முதல், சீக்காளி ரெண்டாவது, பிறகு டீச்சர், பிறகு ரேஷன் கடைத் தனுஷ்கோடி, பிறகு ஜீப் சங்கத் தலைவர் ஜெயபால், இவர்கள் யாரும் இல்லாவிட்டால் உடைகிற சாமான். அவன் மனைவி ஒச்சம்மா மாசமாகவும் ஆனதில்லை, அவளுக்கு ஒரு காய்ச்சல் தலைவலி வந்ததுமில்லை, எறிந்தாலும் உடையமாட்டாள். அதனால் கல்யாணமான இருபது வருஷமும் பின்னால் ஸ்டெப்னி டயர் மேலேதான் உட்கார்ந்து வந்தாள். போன ஆவணியில் யாரோ கல்யாண வீட்டுக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்று ஏற்றினார்கள். ராசாங்கம் அதை முன்சீட்டில் உட்காரவைத்து, காற்றில் அடிபடாமல் முகத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, தன் துண்டாலேயே பத்திரமாகக் கட்டினான். பதினாலு வளைவும் ஒச்சம்மா அந்தக் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்: தலையெல்லாம் புழுதி, மடியில் அடுத்தவன் வீட்டுச் சேவல், குண்டும் குழியுமாகக் குலுங்குகிற ஒரு பொம்பளை. மேலே வந்து இறங்கினவள் வீட்டுக்குள் போகவில்லை. அடுத்த ஜீப்பைப் பிடித்து ஒத்தப்புளியில் இருக்கிற தம்பி பெருமாள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ராசாங்கம் சொல்லியனுப்பிப் பார்த்தான், பத்து நாள் ரோசமாக இருந்து பார்த்தான், அரிசி வேகாமலும் குழைந்தும் தின்று பார்த்தான். பிறகு ஒரு வியாழக்கிழமை காலை சீட்டைத் துடைத்து, புதுத் துண்டு ஒன்றை விரித்து, மறித்தவர்களையெல்லாம் பின்னாடி வர்ற வண்டியில் ஏறச் சொல்லிவிட்டு, இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக முன்சீட்டு காலியாக, பின்சீட்டும் காலியாக, அவளைக் கூப்பிட்டு வரக் கிளம்பினான். ஒன்பதாம் வளைவில் பஞ்சு மூட்டையைப் பிரித்துவிட்ட மாதிரி பனி. எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் அந்த வளைவு வந்ததும் கால் தன்னால் பிரேக்கை மிதித்தது, வாய் தன்னால், "ஏறுங்க, எடம் இருக்கு" என்றது.

கதவு திறந்தது. கதவு சாத்திக்கொண்டது. முன்சீட்டு ஸ்பிரிங் கிரீச்சென்று அமுங்கி, ஒச்சம்மாவுக்கு விரித்த துண்டு நடுவில் குழிந்தது. எட்டாம் வளைவில், என்றைக்கும் செத்துக் கிடக்கிற இடத்தில், ராசாங்கத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது. ஏழில் அடித்தது, ஆறில் அடித்தது. எடுத்துப் பார்த்தால் நாலு கோடு. ஏறியிருப்பது யாரென்று அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. நம்மாளுக்கு அதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் வருத்தம்தான், அடப்பாவி, இன்றைக்குப் பார்த்தா கூப்பிட்டுத் தொலைத்தோம் என்று. கூப்பிட்டவனே இறங்குங்க என்று சொல்ல முடியுமா? "நல்லா புடிச்சு ஒக்காருங்க, வளைவு வருது" என்று மட்டும் சொன்னான்.

ஒத்தப்புளியில் ஒயர் கூடையோடு வாசலுக்கு வந்த ஒச்சம்மா ஜீப்பைப் பார்த்தாள், குழிந்திருக்கிற சீட்டைப் பார்த்தாள், கூடையைக் கீழே வைத்தாள்.

"யாரு மாமா அது?"

"டவரு."

"எங்கன ஏறுச்சு?"

"ஒம்பதாம் வளைவுல. தெரியாம கூப்பிட்டுட்டேன் புள்ள. பின்னாடி பூராம் காலியா கெடக்கு, வா."

ஒச்சம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். திருப்பூர் மில்லு ஒன்றில் சமையலுக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள், தங்குகிற இடமும் அங்கேயே, மறுவெள்ளி காலை மில்லு வண்டி வருகிறது, அதில் போனால் திரும்புகிற உத்தேசமில்லை என்று, இட்லிக்கு ஊறப்போட்டதைச் சொல்கிற குரலில் சொன்னாள். அதற்குள் அந்தச் சீட்டு காலியாக வந்தால் பார்க்கலாம். கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ராசாங்கம் தொங்கிப்போன முகத்தோடு மேலே வந்து சேர்ந்தபோது எலவமேட்டில் வண்டிப் பக்கம் வந்தவர்கள் கையிலிருந்த அத்தனை போனும் ஒரே நேரத்தில் கத்தியது. ஆறு வருஷமாக வந்து சேராத குறுஞ்செய்திகளெல்லாம் மொத்தமாக வந்து இறங்கின. செத்துப்போனவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பு வந்தது, ஒண்ணாவது படிக்கிற பிள்ளைக்குப் பேர் வைக்க அழைப்பு வந்தது. ஊர் கூடி ஜீப்பைச் சுற்றி நின்று பார்த்தது. பத்து முழத்துக்குள் நின்றால் நாலு கோடு, பதினோராவது முழத்தில் ஒன்றுமில்லை. அது ஆணா பெண்ணா, அவனென்பதா அவளென்பதா என்று கொஞ்சநேரம் குழம்பி, எதற்கு வம்பு, மரியாதையாகவே கூப்பிடுவோம் என்று, அன்றையிலிருந்து டவரை 'அவுக' என்றே சொன்னார்கள். அவுக வெயிலில் வாடக்கூடாது என்று முன்சீட்டுக்குக் குடை கட்டினார்கள். அவுகளுக்குப் பீடிப்புகை ஆகாது என்று கண்டுபிடித்தார்கள். யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்காதீர்கள், ஊர் என்றால் கண்டுபிடிக்கும்.

சங்கத் தலைவர் ஜெயபாலுக்கு மட்டும் மனசு பொறுக்கவில்லை. சங்கத்தில் எல்லாமே டர்ன் முறை. ஒருத்தன் வண்டியிலேயே அவுக குந்தியிருந்தால் மற்ற பதினோரு வண்டியும் சங்கத்து வண்டி இல்லையா என்று, தன் ஜீப்பைப் பின்னுக்கு எடுத்துப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தி, கதவைத் திறந்து, ஏறுங்க எடம் இருக்கு என்று பத்துத் தினுசாகச் சொல்லிப் பார்த்தார். சீட்டு அசையவில்லை. கோபத்தில் தன் தோல்பையை அந்தச் சீட்டில் பொத்தென்று போட்டார். அவ்வளவுதான், சுற்றியிருந்த போனெல்லாம் அப்படியே அணைந்த அடுப்பாகிவிட்டது. ரெண்டு மணிநேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனில் எழுதிக்கொண்டிருந்த பரீட்சை பாதியில் நின்றது, துபாயிலிருந்து பேசிக்கொண்டிருந்த மருமகன் பாதி வார்த்தையில் நின்றான், கடைசியில் ஜெயபால் பையை எடுத்து, தலையிலிருந்த துண்டையும் எடுத்து, நடந்தது நடந்துபோச்சு என்று எல்லார் முன்னாலும் சொன்னபிறகே நாலு கோடும் மெள்ள எழுந்து நின்றது. அன்றைக்குச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: அந்தச் சீட்டில் எவரும் உட்காரக்கூடாது, எதையும் வைக்கக்கூடாது, அவுகளை எழுந்திருக்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

அப்புறம் ராசாங்கத்துக்கு ஏது சொந்தப் பிழைப்பு? காலையில் ஜீப் பள்ளிக்கூடத்து முன்னால் நிற்கவேண்டும். பத்து மணிக்கு ரேஷன் கடை. தனுஷ்கோடியின் ரேகை மிஷின் டவர் இல்லாமல் ஒரு கிலோ சீனி கொடுக்காது, இத்தனை நாள் அதைத் தூக்கிக்கொண்டு அவன் ஒன்பதாம் வளைவுக்கு நடந்துகொண்டிருந்தான். சாயங்காலம் ஊர் மந்தை. ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்து பேசுவதே ஊருக்குப் பழக்கமாகி, எதிரெதிரே முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிற அண்ணனும் தம்பியும்கூட நம்பர் போட்டுத்தான் பேசினார்கள். நேரில் பேச்சுவார்த்தை நின்று ஏழு வருஷமாகிறது, போனில் பேசக்கூடாது என்று எவனும் சத்தியம் வாங்கவில்லையே என்றார்கள். இதற்கிடையில் ஒன்பதாம் வளைவில் டவர் காணாமல் போனதை எப்படியோ அறிந்து, போன் கம்பெனியிலிருந்து ரெண்டு பேர் ஒரு கருவியோடு வந்தார்கள். மேலே வர ராசாங்கம் வண்டியில்தான் ஏறினார்கள். பதினாலு வளைவிலும் கருவி முழுசாகக் காட்டியது; மலைப்பாதை நெடுக டவர் அருமை, குறையொன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு, வேறு ஜீப்பில் இறங்கிப் போனார்கள்.

எல்லாரும் எல்லாரோடும் பேசினார்கள். ராசாங்கம் தினமும் ஒரே ஒரு போன் செய்தான். மறுமுனையில் ஒச்சம்மா எடுப்பாள்.

"சீட்டு காலியா?"

"இல்ல புள்ள, நான் என்ன சொல்ல..."

வைத்துவிடுவாள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. முழு டவர், குரல் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கேட்டது. வியாழன் வந்துவிட்டது. விடிந்தால் மில்லு வண்டி. ராசாங்கம் சங்கத்தில் போய் நின்று, ஒரே ஒரு நாளைக்கு அவுகளை இறக்கி வைக்கிறேன், உத்தரவு கொடுங்கள் என்று கேட்டான். வேறு ஜீப்பில் போவோம், ஒச்சம்மாவை முன்சீட்டில் வைத்து மாலை போட்டுக் கூட்டி வருவோம் என்றார்கள். அவள் கேட்டது என் வண்டிச் சீட்டை என்றான். ஜெயபால் அவன் தோளில் கை வைத்தார், அவர் குரலில் நிஜமான இரக்கமும் இருந்தது.

"ராசாங்கம், ஒனக்குப் பொண்டாட்டி ஒண்ணுதான், ஒத்துக்கிறேன். ஊருக்கும் டவரு ஒண்ணுதான். நீயே சொல்லு."

ராசாங்கம் தலையை ஆட்டிவிட்டு வந்தான். யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாத வாய் அது.

வெள்ளிக்கிழமை காலை மாசக் கடைசி. ரேஷனை விட்டால் இந்த மாதம் கிடையாது என்று, பள்ளிக்கூடத்து முன்னாலேயே பதினேழு பேர் ஜீப்பில் ஏறிக்கொண்டு ஆளாளுக்குப் போனைக் காதில் வைத்துவிட்டார்கள். தனுஷ்கோடியும் நேரத்தை மிச்சம் பிடிக்கலாமென்று மிஷினோடு பின்னால் ஏறி, செவனம்மா என்கிற கிழவியின் கட்டைவிரலை அதில் வைத்து அமுக்கினான். காப்பிப்பழம் பறித்துப் பறித்து அவள் விரலில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. மிஷின் இல்லை என்றது, துடைத்து வைத்தால் இல்லை என்றது, எண்ணெய் தடவி வைத்தால் அப்போதும் இல்லை என்றது. பாதை ரெண்டாகப் பிரிகிற இடத்தில் வலது பக்கம் ரேஷன் கடை, இடது பக்கம் இறக்கம். ராசாங்கத்தின் கை ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தது. எதிர்ப்பார்கள் என்று காத்திருந்தான். ஒருத்தர் திரும்பவில்லை. ஒருத்தி மகளிடம் பல்வலிக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒருத்தன் மாடு விலை பேசிக்கொண்டிருந்தான், அண்ணனும் தம்பியும் முட்டி இடிக்கப் பாகப்பிரிவினை பேசிக்கொண்டிருந்தார்கள். பதினாலு வளைவும் இறங்கி, ஒத்தப்புளியில் பெருமாள் வீட்டு முன்னால் வண்டி நின்றபிறகுதான், இதென்ன ரேஷன் கடைக்கு முன்னால் வேப்பமரம் முளைத்திருக்கிறது என்று தனுஷ்கோடி நிமிர்ந்து பார்த்தான்.

ஒச்சம்மா தகரப்பெட்டியும் ஒயர் கூடையுமாக வாசலில் நின்றாள். தெருக்கோடியில் மில்லு வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. ராசாங்கம் இறங்கி, ஜீப்பைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, குடையை அவிழ்த்தான். தனுஷ்கோடி பதறிப்போய், ராசாங்கண்ணே வேணாம்ணே, ஊரு வயித்துல அடிச்சிறாதீகண்ணே என்று கெஞ்சினான். ராசாங்கம் குழிந்திருந்த சீட்டைப் பார்த்து, பதினேழு பேர் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்:

"கோவிச்சுக்கிறாதீக. நான்தான் ஏறுங்கன்னேன். நானே சொல்றேன், எந்திரிங்க. இது எம்பொண்டாட்டி சீட்டு. இருபது வருசமாவே அவ சீட்டுத்தான், எனக்குத்தான் தெரியல."

பிறகு ஸ்பிரிங் கிரீச்சென்று மேலே எழும்பியது, துண்டு நிமிர்ந்தது, கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பின்னால் இருந்தவர்கள் பயந்து போனைப் பார்த்தால் எல்லாவற்றிலும் நாலு கோடு அப்படியே நின்றது; ஒத்தப்புளியில் எல்லாருக்கும்தான் டவர் உண்டு, அதனால் அவுக இறங்கினார்களா இல்லையா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒச்சம்மா மட்டும் சீட்டில் உள்ளங்கையை வைத்து அமுக்கிப் பார்த்தாள். பெட்டியைப் பின்னால் கொடுத்துவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

முதல் வளைவிலேயே பதினேழு போனும் செத்தது. மருமகன்களும் மாட்டுத் தரகர்களும் பாதி வார்த்தையில் போனார்கள். திட்டவேண்டும் என்று பதினேழு பேருக்கும் ஆத்திரம் முட்டியது, ஆனால் திட்டுவதற்குக்கூட ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவேண்டியிருந்தது, அது விட்டுப்போய் ஒரு வாரமாகிறது. அண்ணன் தம்பியைப் பார்த்துவிட்டு, பள்ளத்தைப் பார்த்தான். தனுஷ்கோடி மிஷினை மடியில் வைத்துக்கொண்டு விசும்பினான். செவனம்மா மட்டும், எடுக்கச் சொல்லி யாரும் சொல்லாததால், கட்டைவிரலை மிஷினிலிருந்து எடுக்கவே இல்லை. ராசாங்கம் வண்டியை ஓட்டினான். அவனுக்குப் பின்னால் விசும்பல் கேட்டுக்கொண்டிருந்தது, பக்கத்தில் மல்லிகைப்பூ வாசம் வந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் வளைவில் பனி இறங்கியிருந்தது. கால் தன்னால் பிரேக்குக்குப் போக, ராசாங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு காலை இழுத்தான்.

"நிப்பாட்டு மாமா" என்றாள் ஒச்சம்மா. "யாரோ நிக்கிறாக."

அவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒத்தப்புளியிலிருந்து குறுக்குப் பாதையில் ஏறினால் ஜீப்புக்கு முன்னால் இங்கே வந்துவிடலாம். ஜீப்பிலிருந்து கோவித்துக்கொண்டு இறங்குகிற எலவமேட்டுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் வந்து நிற்பார்கள். வண்டி நின்றது. ஒச்சம்மா வெளியே தலையை நீட்டி, பனியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏறுங்க. பின்னாடி எடம் இருக்கு."

பனி அசையவில்லை.

"ஸ்டெப்னி மேல ஒக்காருங்க. இருபது வருசம் நானும் அங்கனதான் ஒக்காந்து வந்தேன். ஒண்ணும் கொறஞ்சிற மாட்டீக."

ரொம்ப நேரம் கழித்து ஜீப்பின் பின்பக்கம் ஒரு ஆள் பாரத்துக்கு அமுங்கியது. ஒருத்தரும் சொல்லாமலே பதினேழு பேரும் நெருக்கிக்கொண்டு ஸ்டெப்னியைச் சுற்றி இடம் விட்டார்கள். எங்கோ ஒரு போன் லேசாகச் செருமியது. செவனம்மாவின் கட்டைவிரலுக்கடியில் ரேகை மிஷின், முதல் தடவையாக, சரி என்றது.

ஒச்சம்மா கையை நீட்டி, டிரைவர் பின்னால் பார்க்கிற கண்ணாடியைத் தன் பக்கமாகத் திருப்பினாள். அதில் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிற பொம்பளையைக் கொஞ்சநேரம் பார்த்தாள், நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கினாள், கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மீதி அஞ்சு வளைவையும் ராசாங்கம் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமலே ஓட்டினான்.